கட்டி அறுவைக்கு வழிகாட்டும் பன்முகச் சாயங்கள்

புற்றுக்கட்டியையும் அது பரவும் நிணநீர்ப் பாதையையும் அறுவையின்போதே காட்டித்தரும் மருந்துகள். நிறம், ஒளிர்வு, கதிர்வீச்சு என ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் காட்டுபவை பன்முகச் சாயங்கள்.

மார்பகப் புற்றில் காவல் நிணநீர்க்கணுவை, அதாவது புற்று முதலில் பரவக்கூடிய கணுவை, கண்டுபிடிப்பது இவற்றின் தலையாய பயன். மெத்திலீன் நீலத்தை மார்பில் செலுத்திச் சில நிமிடம் நீவிவிட்டால், அக்குளில் கணு ஒன்று நீலம் பாரித்துத் தெரியும். டெக்னீசியம்-99எம் ஏற்றிய கூழ்மமும் செலுத்தியிருந்தால் கதிர்வீச்சை உணரும் காமா கருவி அதன்மேல் ஒலியெழுப்பும். அக்கணுவில் புற்று இல்லையென்றால் அக்குள் கணுக்களை முழுவதும் அகற்ற வேண்டியதில்லை. பின்னாளில் கை வீங்கும் வாய்ப்பும் குறையும். உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப்பாசன வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு அந்தக் கைதான் பிழைப்பு.

இந்தோசயனின் பச்சை என்னும் சாயம் அண்மை அகச்சிவப்பில் ஒளிரும். டெக்னீசியக் கூழ்மத்தோடு சேர்ந்தால் ஒரே ஊசியில் இரு அடையாளம். அமெரிக்காவில் மூளைக்கட்டியைக் காட்ட 5-அமினோலெவுலினிக் அமிலமும் (2017), சூலகப் புற்றைக் காட்டப் பஃபோலாசியனினும் (2021) ஒப்புதல் பெற்றன.

டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரமே. ஆகவே அணுமருத்துவப் பிரிவு அருகில் இல்லாத ஊர்களில் விலை மலிந்த மெத்திலீன் நீலமே கைகொடுக்கிறது.