படிக்க இயலாத எழுத்து

பொன்முடி மலையினின்று இறங்கித் திருவனந்தபுரம் சேர்வோர், அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் பெயரால் அமைந்த கூடத்தைக் காணலாம். 1911இல் கோயமுத்தூரில் பிறந்து, 1957இல் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வரான அவர், முறையான பயிற்சியில் கைதேர்ந்தவர். ஆயினும் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் வேறு வழி நாடினார். மலையாள எழுத்தை ஒத்த கிறுக்கல்களும், கணக்குகளும், ஜாதகக் கட்டங்களும் அப்படங்களில் நெருங்கி நின்றன. அவை படிப்பதற்கல்ல, பார்ப்பதற்கே. பொருளை முன்கூட்டி வகுக்காமல், உள்ளுணர்வு காட்டிய இடத்தில் கோடு விழுந்தது.

வெறுங்கிறுக்கல் என்று இதனை ஒதுக்கலாமா, அன்பர்களே? அயல் மாநிலத்தில் அடியெடுத்து வைத்த நாளில், கடைப்பலகைகளின் எழுத்து நமக்கும் வெறுங்கோடாகவே நின்றது. பொருள் எட்டுமுன்பே அதன் வடிவழகு கண்ணில் பதிந்துவிட்டதன்றோ? அந்த முதற்பார்வையையே பணிக்கர் கலையாக்கினார்.