களப்பணியாளர்களுக்கான பன்னாட்டு ஃபெலோஷிப்: நம் ஜமாஅத்திலிருந்து யாரை அனுப்பலாம்?

வெளிநாட்டு ஃபெலோஷிப் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது மேற்படிப்புதான். மார்க் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, வங்கிக் கடன் என்று பேச்சு அந்தப் பக்கமே போய்விடும். ஆனால் பட்டம் எதுவும் தராத, பட்டத்தை நிபந்தனையாகக் கேட்காத ஃபெலோஷிப்களும் உண்டு. சிறுபான்மை மக்களிடையே ஊர் ஊராக வேலை செய்பவர்களைச் சில வாரங்கள் அழைத்து, பிற நாடுகளில் அதே வேலையைச் செய்பவர்களோடு உட்கார வைத்து, உரிமைகளைக் கேட்கும் வழிமுறைகளைக் கற்றுத்தந்து திருப்பி அனுப்புவதுதான் இவற்றின் வேலை. கல்வி உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பவர், மையவாடி நிலப் பிரச்சனைக்காக தாலுகா அலுவலகத்துக்கு அலைபவர், கலவரத்துக்குப் பின் வீடு வீடாகப் போய்ச் சேதக் கணக்கு எடுப்பவர் ஆகியோரைத்தான் இந்தத் திட்டங்கள் தேடுகின்றன. நம் சமுதாயத்தில் இத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. விண்ணப்பிப்பவர்கள்தான் மிகக் குறைவு.

இவற்றில் நமக்கு மிகப் பொருத்தமானது ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகம் நடத்தும் சிறுபான்மையினர் ஃபெலோஷிப். 2005இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் நடக்கிறது. ஆங்கிலப் பிரிவு நடப்பதுடன் அரபு, ரஷ்ய மொழிப் பிரிவுகளும் நடத்தப்பட்டிருக்கின்றன. பொதுவாக நவம்பர் மாதத்தை ஒட்டி நடப்பதற்குக் காரணம், ஆண்டுதோறும் அந்த நேரத்தில் அங்கே கூடும் சிறுபான்மையினர் பிரச்சனைகளுக்கான மன்றம். இரண்டு நாள் நடக்கும் அந்த மன்றத்தில் அரசுப் பிரதிநிதிகள், நிபுணர்கள், சிறுபான்மை அமைப்பினர் ஒரே அரங்கில் அமர்ந்து பேசுவார்கள். 2008 டிசம்பரில் நடந்த முதல் கூட்டத்தின் பொருள் கல்வி உரிமை.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது ஐ.நா. பொதுச்சபை 1992 டிசம்பர் 18 அன்று ஏற்ற சிறுபான்மையினர் உரிமைப் பிரகடனம். பாபர் பள்ளி இடிக்கப்பட்ட பன்னிரண்டாம் நாள் அது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும் அந்தத் தேதிகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. நம் ஊரில் டிசம்பர் 18 சிறுபான்மையினர் உரிமைகள் தினமாக அனுசரிக்கப்படுவதும் இந்தப் பிரகடனத்தை ஒட்டித்தான். ஆட்சியர் அலுவலக விழாவுக்குப் போய் வருபவர்களில் எத்தனை பேர் அந்தப் பிரகடனத்தைப் படித்திருப்போம்? அதில் இருப்பதே ஒன்பது பிரிவுகள்தான்.

ஜெனீவாவில் கற்றுத்தருவது என்ன?

சர்வதேச சட்டம் முழுவதையும் சில வாரங்களில் கரைத்துக் குடிக்க முடியாது. எந்தக் கதவை எப்படித் தட்டுவது என்பதைத்தான் அங்கே கற்றுக்கொள்கிறார்கள். ஒரு கதவு, ஐ.நா.வின் உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றின் மனித உரிமை நிலையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மற்ற நாடுகள் பரிசீலிக்கும் முறை. இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் இந்தப் பரிசீலனைக்கு வந்தது. அதற்கு முன்பாக உள்ளூர் அமைப்புகளும் அறிக்கை அனுப்பலாம். ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி பெறாத சிறிய அமைப்பாக இருந்தாலும் தடையில்லை. ஆனால் தனி அமைப்பின் அறிக்கை 2,815 சொற்களைத் தாண்டக்கூடாது, பல அமைப்புகள் சேர்ந்து கொடுத்தால் 5,630 சொற்கள். நம்மவர்கள் எழுதும் கண்டன அறிக்கைகளின் நீளத்தை நினைத்துப் பார்த்தால் இந்த வரம்பே ஒரு நல்ல பயிற்சி என்று தோன்றுகிறது.

இன்னொரு கதவு ஒப்பந்தக் குழுக்கள். குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தில் இந்தியா 1979இல் இணைந்தது. அந்தக் குழு இந்தியாவின் நிலையை 2024 ஜூலையில் பரிசீலித்தது. இந்தக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்யும் கூடுதல் உடன்படிக்கையில் இலங்கை 1997இல் சேர்ந்தது, இந்தியா இதுவரை சேரவில்லை. ஆகவே ஒரே கொடுமை நடந்தாலும் புத்தளத்தில் இருப்பவருக்கு உள்ள வழி காயல்பட்டினத்தில் இருப்பவருக்கு இல்லை. எந்த நாட்டுக்காரருக்கு எந்த வழி உண்டு, எது இல்லை என்ற இந்தத் தெளிவு கிடைப்பதே பயணத்தின் பாதிப் பயன்.

மூன்றாவது கதவுதான் நடைமுறையில் அதிகம் உதவுவது. மத சுதந்திரம், சிறுபான்மையினர், கருத்துரிமை என்று ஒவ்வொரு துறைக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களை நியமித்துள்ளது. யார் வேண்டுமானாலும் அவர்களுக்குக் கட்டணமின்றி முறையீடு அனுப்பலாம். உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழிகளும் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வேறு சில நிபந்தனைகள் உண்டு. பத்திரிகைச் செய்திகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட முறையீடும் வசைமொழியில் எழுதப்பட்ட முறையீடும் ஏற்கப்படாது. பாதிக்கப்பட்டவரின் பெயர் பொதுவாக அரசுக்குப் போகும் என்பதால் அவருடைய ஒப்புதல் வேண்டும். அனுப்பியவரின் பெயர் வெளியிடப்படாது.

ஜனாஸா எரிப்பும் ஜெனீவாக் கடிதங்களும்

இதெல்லாம் காகித வேலைதானே என்று நினைப்பவர்கள் இலங்கையில் கொரோனா காலத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். தொற்றால் இறந்தவர்களை நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் 11ஆம் தேதி வர்த்தமானி அறிவித்தலின் மூலம் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. குடும்பத்தாரின் கண்ணீரையும் மீறி ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளே ஆன குழந்தையையும் விட்டுவைக்கவில்லை. இலங்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன மனுக்கள் 2020 டிசம்பர் 1 அன்று விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. பொரளை மயானத்தின் வாயிற்கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தங்கள் வேதனையைச் சொன்னார்கள்.

உள்நாட்டுக் கதவு அடைபட்ட நிலையில் வெளிக்கதவு தட்டப்பட்டது. 2021 ஜனவரி 25 அன்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் நால்வர் கூட்டாக, கட்டாய எரிப்பை நிறுத்துமாறு இலங்கை அரசைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டனர். மத சுதந்திரத்துக்கான அறிக்கையாளரும் சிறுபான்மையினருக்கான அறிக்கையாளரும் அவர்களில் இருந்தனர். பிப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மார்ச் 23 அன்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்திலும் இந்த விவகாரம் இடம்பெற்றது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது.

ஐ.நா. நிபுணர்களின் குரல் ஒன்றினால்தான் இது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. தெருவில் நின்றவர்கள், வழக்கறிஞர்கள், பிற மதத்து நண்பர்கள், முஸ்லிம் நாடுகளின் அழுத்தம், பேரவைக் கூட்டம் நெருங்கிய நேரம் எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் எந்த மருத்துவமனையில் என்ன தேதியில் யாருடைய ஒப்புதலின்றி என்ன நடந்தது என்று துல்லியமாக எழுதி, உரிய மேசைக்கு உரிய நேரத்தில் சேர்க்கத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் வெளியுலகம் இதை அறிந்திருக்காது. அந்த வேலை தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் கோரிக்கை.

யார் பொருத்தமானவர்?

சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவராகவோ அச்சமூகத்தோடு நெருங்கி வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும். ஓர் அமைப்போ சமூகமோ அவரை முன்மொழிந்து பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். திரும்பி வந்து கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உறுதி கூற வேண்டும். பயிற்சி நடக்கும் மொழியில் பேசவும் எழுதவும் முடிய வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்குக் கல்வி எட்டாமல் போவதைக் கருத்தில் கொண்டு, முறையான படிப்பு இல்லாததைத் தடையாகக் கொள்வதில்லை என்பது இத்திட்டத்தின் நல்ல அம்சம். தேர்வில் ஆண், பெண் சமநிலையும் பார்க்கப்படுகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். பரிந்துரைக் கடிதம் என்றதும் நிர்வாகியின் மகனுக்கோ மருமகனுக்கோ எழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கே உதவாது. விண்ணப்பத்தில் கேட்கப்படுவது செய்த வேலை. "சமூக சேவையில் ஆர்வம் உண்டு" என்று எழுதுபவரைவிட, "எங்கள் வார்டில் உதவித்தொகை நிராகரிக்கப்பட்ட மாணவிகளின் பட்டியல் எடுத்தோம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்டோம், இன்ன பதில் வந்தது" என்று எழுதும் மகளிர் குழுச் சகோதரிதான் தேர்வாக வாய்ப்பு அதிகம். சச்சார் குழுவின் 2006ஆம் ஆண்டு அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அதிலுள்ள புள்ளிவிவர அட்டவணைகளுக்காகத்தான். அதே ஒழுங்கு முஹல்லா அளவில் நமக்கு வர வேண்டும். விண்ணப்பிக்க எண்ணுபவர் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, நாள், இடம், அலுவலகம், மனு எண், கிடைத்த பதில் என்று குறிக்கத் தொடங்கலாம்.

விமானக் கட்டணம், தங்குவதற்கும் உணவுக்குமான தொகை, அடிப்படை மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஐ.நா. அலுவலகமே ஏற்கிறது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "ஐ.நா. ஃபெலோஷிப் வாங்கித் தருகிறோம்" என்று யாரேனும் பணம் கேட்டால் அது மோசடி என்று உறுதியாகச் சொல்லலாம். ஐ.நா. அண்மைக் காலமாக நிதி நெருக்கடியில் இருப்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை உயர் ஆணையர் அலுவலகத்தின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் பார்த்துவிட்டே தயாராக வேண்டும். பாஸ்போர்ட் மட்டும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

அமெரிக்கத் திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940 முதல் நடக்கும் பன்னாட்டுப் பார்வையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, தூதரகமே ஆளைத் தேர்ந்தெடுத்து அழைக்கும். 1978இல் தொடங்கிய ஹம்ஃப்ரி ஃபெலோஷிப்புக்குப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். சில வாரங்கள் ஓர் அமெரிக்க அமைப்பில் வேலை பழகிவிட்டு, பிறகு அந்த அமைப்பினர் நம் ஊருக்கு வந்து பார்க்கும் இருவழித் திட்டங்களும் இருந்தன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களின் நிதியை நிறுத்தி வைத்தபோது பலவும் தடுமாறின. இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. இந்தியாவில் அரசு ஊழியர்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், அரசியல் கட்சி நிர்வாகிகள் வெளிநாட்டு அரசின் செலவில் பயணம் செய்ய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை. நம் களப்பணியாளர்கள் பலர் கட்சிப் பொறுப்பிலும் இருப்பதால் இதைச் சொல்கிறோம். ஐ.நா. அமைப்பு இந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டு மூலமாகக் கருதப்படுவதில்லை.

போகிறவருக்குச் சில செய்திகள்

உயர் ஆணையர் அலுவலகம் இயங்கிவந்தது ஏரிக்கரையில் உள்ள பலே வில்சன் மாளிகையில். சர்வதேச சங்கத்தின் முதல் தலைமையகமாக இருந்ததும் அதே கட்டடம்தான். ஐரோப்பாவின் சிறுபான்மையினர் 1920களில் மனுக்களை அனுப்பியது அங்கே. ஐ.நா. வளாகத்துக்கு அருகே பெத்தி சக்கோனே பகுதியில் 1978இல் திறக்கப்பட்ட ஜெனீவா பள்ளிவாசல் இருப்பதால் ஜும்ஆவுக்குச் சிரமமில்லை. நவம்பரில் பகல் குறுகிவிடும், மாலை ஐந்து மணியளவிலேயே மஃரிப் வந்துவிடும், குளிருடை கட்டாயம். சிறுபான்மையினர் உரிமையைப் பேசும் மன்றம் கூடும் அதே நாட்டில்தான் 2009 நவம்பர் 29 அன்று 57.5 சதவீதத்தினர் புதிய மினாராக்களைத் தடைசெய்ய வாக்களித்தார்கள் என்பதையும் அறிந்து போவது நல்லது. ஜெனீவா மாநிலத்தின் பெரும்பான்மை அந்தத் தடையை எதிர்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மன்றத்தில் பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள்தான். அதன் பரிந்துரைகள் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. அங்கே பேசியதற்காக ஊர் திரும்பியதும் நெருக்கடி வரும் சூழல் சில நாடுகளில் உண்டு. ஆகவே போகுமுன் குடும்பத்தாரோடும் அமைப்போடும் ஒரு வழக்கறிஞரோடும் கலந்து பேசிவிட வேண்டும்.

ஃபெலோஷிப் கிடைக்காதவர்களுக்கும் அந்த மன்றம் மூடப்படவில்லை. ஆலோசனைத் தகுதி இல்லாத அமைப்புகளும் முன்பதிவு செய்து கலந்துகொள்ளலாம், பயணச் செலவு மட்டும் சொந்தப் பொறுப்பு. ஓர் ஊர் ஜமாஅத்தால் முடியாததை ஐந்து ஜமாஅத்துகள் சேர்ந்து செய்யலாம். சிறப்பு அறிக்கையாளர்களுக்கு முறையீடு அனுப்ப ஜெனீவாவுக்குப் போக வேண்டியதே இல்லை, அதற்கான படிவம் இணையத்திலேயே இருக்கிறது.