பங்கும் வரம்பும்

ஆரணியில் 'பங்கு' என்னும் சொல் புதிதன்று. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இந்நகரின் பட்டு நெசவாளர் பலர், கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத் தொகை செலுத்தி உறுப்பினர் ஆனவர்கள். சங்கம் பட்டும் சரிகையும் தருகிறது. நெய்த சேலையைப் பெற்றுக்கொண்டு கூலி வழங்குகிறது. ஆதாயம் இருப்பின் பங்கு ஈவும் அளிக்கிறது. அப்பங்கைச் சந்தையில் விலை பேசி விற்க இயலாது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது, மற்றொரு பட்டு நகரமாகிய காஞ்சிபுரத்தில்தான்.

அதே சொல் இன்று வேறொரு பொருளில் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. ஆரணியிலும், பூண்டி, திருமலை முதலிய தலங்களைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் சமணக் குடும்பங்களின் இளையோர், கைபேசி வழியே கம்பெனிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியுள்ளனர். நிலம், நெல், நகை என்று சேமித்துப் பழகிய பெரியோருக்கு அது சூதாகத் தோன்றுகிறது. இளையோருக்கோ விரைந்து பொருள் சேர்க்கும் வழியாகத் தோன்றுகிறது. இவ்விரு கருத்துகளில் எது சரி என்பதற்குப் பங்குச் சந்தையின் வரலாறே விடை தருகிறது.

கம்பெனிப் பங்கு என்பது யாது? தமிழகத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி. 1906 அக்டோபர் 16 அன்று பதிவான அக்கம்பெனியின் முதல் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. 25 ரூபாய் கொடுத்தவரும் கப்பலில் ஒரு சிறு பகுதிக்கு உரிமையாளர் ஆனார். ஆதாயம் வந்தால் ஈவு உண்டு. நட்டம் வந்தால் செலுத்திய 25 ரூபாய் போகும், அதற்கு மேல் கடன்பட வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தைப் போலன்றி, கம்பெனியில் பங்கின் எண்ணிக்கைக்கு ஏற்பவே வாக்கு. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது, 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்ததாயினும் பங்கில் இட்ட பணத்திற்கு உறுதி இல்லை. பங்கு என்பது கடனன்று. வட்டியோடு திரும்பும் என்று எவரும் வாக்களிப்பதில்லை.

அக்கம்பெனி பதிவான ஆறாம் நாள், 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையில் ஆர்பத்நாட் வங்கி நிறுவனம் முறிந்தது. அங்கே பணம் போட்டிருந்தோர் பங்குதாரர் அல்லர். பெரிய பெயரை நம்பிச் சேமிப்பை ஒப்படைத்தவர்கள். அவர்களும் இழந்தனர். அவ்வதிர்ச்சியின் விளைவாக, வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி உருவானது. அதுவும் மக்களிடம் பங்கு திரட்டியே எழுந்தது. கணக்கைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பினால், வைப்புத் தொகையிலும் இழப்பு நேரும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

பங்கை வாங்கியவர் அதை மற்றொருவருக்கு விற்கும் இடமே பங்குச் சந்தை. அதன் இந்திய வரலாற்றில் முதல் பெரும் பெயர் ஒரு சமணருடையது. சூரத்தைச் சேர்ந்த பிரேம்சந்த் ராய்சந்த், பம்பாயில் பங்குத் தரகர்கள் ஆலமர நிழலில் கூடி வணிகம் செய்த காலத்தில் அவர்களுள் தலையாயவராக விளங்கினார். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி செல்வது தடைப்பட்டது. பம்பாய்ப் பருத்திக்குப் பொன் விலை கிடைத்தது. குவிந்த பணம் புதிய வங்கிகளிலும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளிலும் பாய்ந்தது. எல்லோரும் வாங்கியதால் விலை ஏறியது. விலை ஏறியதால் எல்லோரும் வாங்கினர். கம்பெனி என்ன ஈட்டுகிறது என்று கேட்டோர் சிலரே.

அக்காலத்தில் இரண்டு பழக்கங்கள் பெருந்தீங்கு விளைத்தன. ஒன்று, பங்கையே ஈடாக வைத்துக் கடன் பெற்று மேலும் பங்கு வாங்கியது. பம்பாய் வங்கியே அவ்வாறு தாராளமாகக் கடன் வழங்கிற்று. மற்றொன்று, முழுப் பணம் கொடாமலே, பின்வரும் ஒரு நாளில் இன்ன விலைக்கு வாங்குவதாகச் செய்த தவணை ஒப்பந்தம். 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பெருந்தொகையான தவணை ஒப்பந்தங்கள் முதிர்ந்த ஜூலை 1 அன்று, வாங்கியோரிடம் பணம் இல்லை. விற்றோருக்கு வரவேண்டியது வரவில்லை. உச்சத்தில் 2,850 ரூபாய்க்கு விற்ற பம்பாய் வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது. பிரேம்சந்தும் வீழ்ந்தார்.

வீழ்ச்சிக்கு முன்னரே அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகத்திற்காக 2 லட்சமும், மணிக்கூண்டிற்காக 2 லட்சமும் கொடையளித்திருந்தார். அக்கொடையால் 1878-இல் நிறைவுற்ற கோபுரம் அவர் அன்னையின் பெயரால் இராஜாபாய் கோபுரம் என்று வழங்குகிறது. கண்பார்வை இழந்த அவ்வம்மையார் இரவுண்ணாமை நோன்பைக் கைக்கொண்டவர் என்றும், கதிர் மறையுமுன் உணவுகொள்ளும் வேளையை அம்மணியோசை அவருக்கு உணர்த்தியது என்றும் சொல்லப்படுகிறது. கடன் வாங்கிச் சேர்த்த பங்குகள் மறைந்தன; கொடுத்துவிட்ட பொருள் இன்றும் நிற்கிறது.

வீழ்ச்சி கற்பித்த பாடத்திலிருந்து ஒழுங்குகள் பிறந்தன. 1875-இல் பம்பாய்த் தரகர்கள் 1 ரூபாய் நுழைவுக் கட்டணத்துடன் சங்கம் அமைத்தனர். அதுவே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. சென்னையில் 1937-இல் நிலைபெற்ற சந்தை, கணினி வணிகம் நாடு முழுவதையும் இணைத்தபின் 2015-இல் விடைபெற்றது. 1988-இல் அமைக்கப்பட்ட செபி என்னும் கண்காணிப்பு வாரியம் 1992-இல் சட்ட அதிகாரம் பெற்றது. 1996 முதல் காகிதச் சான்றிதழுக்கு மாறாக டீமேட் கணக்கில் பங்குகள் பதிவாகின்றன. இன்று பான் அட்டையும் வங்கிக் கணக்கும் உடையவர், செபியில் பதிவுபெற்ற தரகர் வழியே அக்கணக்கைத் தொடங்கலாம். வாங்கிய பங்கு அடுத்த வணிக நாளில் கணக்கில் சேரும். போலிச் சான்றிதழ் அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது.

நீங்காதது ஆசை. 1865-இன் தவணை ஒப்பந்தத்திற்கு உறவான வணிகம், இன்று எதிர்கால ஒப்பந்தம், விருப்ப ஒப்பந்தம் என்னும் பெயர்களில் நடைபெறுகிறது. செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். அவர்களது மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஆகவே பெரியோரின் அச்சம் இத்தகைய வணிகத்திற்குப் பொருந்தும். நல்ல தொழிலின் பங்கை வாங்கிப் பல்லாண்டு வைத்திருக்கும் முதலீட்டிற்கு அவ்வாறு பொருந்தாது.

இவ்விரண்டையும் பிரித்தறியும் கருவி இல்லறத்தார்க்கு முன்பே தரப்பட்டுள்ளது. அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பொருளை வெறுக்குமாறு அது இல்லறத்தாரைப் பணிக்கவில்லை; 'இவ்வளவு போதும்' என்று முன்கூட்டியே வரையறுக்குமாறு பணிக்கிறது. விலை ஏறும்போது வரம்பு நினைவுக்கு வாராது. ஆதலின் அதை முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். ஓராண்டுக் குடும்பச் செலவையும், பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் ஒதுக்கியபின் எஞ்சுவதே பங்கிற்குரிய பணம். நகையை அடகு வைத்தோ, கைமாற்று வாங்கியோ பங்கு வாங்குதல் 1865-இன் வழி. பணம் முழுவதையும் ஒரே கம்பெனியில் இடலாகாது. தனித்தனியே ஆராய இயலாதவர் பல பங்குகளை ஒருங்கே கொண்ட பரஸ்பர நிதியை நாடலாம், ஆயினும் அதுவும் ஏறி இறங்குவதே. ஆண்டறிக்கையில் ஆதாயமும் கடனும் எவ்வளவு என்று பார்த்தபின்பே வாங்குதல் நலம். பங்குதாரர் உரிமையாளர் ஆதலின், அக்கம்பெனி செய்யும் தொழில் கொல்லாமை அறத்திற்கு இசைந்ததா என்று வினவுவதும் அவர் கடமையாகும்.

வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளி நன்னாளில், பங்குச் சந்தைகள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முகூர்த்த வணிகத்திற்காகத் திறக்கப்படுகின்றன. வணிகர் அந்நாளில் புதுக் கணக்கு எழுதுவர். அவ்வாண்டு பங்கில் இடத்தக்க தொகை இவ்வளவு, அறத்திற்கு ஒதுக்கும் தொகை இவ்வளவு என்று குடும்பத்தார் கூடியிருந்து, எதையும் வாங்குமுன் அக்கணக்கின் முதற் பக்கத்தில் எழுதிவைப்பார்களாயின், அதுவே பங்குச் சந்தையில் எடுத்து வைக்கும் நல்ல முதலடியாகும்.