சும்மா கிடைத்த இடம்: இணையத்தில் கோப்புகளை வைத்த கதை

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவின் கல்யாண அல்பம் இல்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் பையில் வந்தன. அல்பம் அலுமாரியில் நின்றுவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிற ஐந்து கல்யாணப் படங்களும் கனடாவில் உள்ள பெரியம்மாவுக்கு எப்போதோ தபாலில் போனவை. அவ பிறகு திருப்பி அனுப்பினவ. ஒரு பிரதியை வேறொரு ஊரில், வாடகை இல்லாத இடத்தில் வைத்திருந்தோம். அது வேணும் எண்டு செய்ததில்லை, தற்செயலாக நடந்தது.

கணனிக் கோப்புகளுக்கு இதே வசதியை நிறுவனங்கள் கொடுக்கத் தொடங்கியது 1999 அளவில். யாகூவின் பிரீஃப்கேஸ், எக்ஸ்டிரைவ் எல்லாம் அந்த ஆண்டில் வந்தவை. பிரீஃப்கேஸ் இலவசமாகத் தந்தது 30 மெகாபைற். இப்போதைய ஃபோனில் எடுத்த பத்துப் படத்தோடு நிறைந்துவிடும். ஆனால் ஒரு ஃப்ளொப்பியில் 1.44 மெகாபைற் மட்டும் கொள்ளும் காலத்தில் அது பெரிய அலுமாரி. அந்த அலுமாரிக்கு ஆர் காசு கட்டினது? விளம்பரமும், டொட் கொம் நிறுவனங்களில் பணத்தைக் கொட்டிய முதலீட்டாளர்களும்தான். 2000 இல் அந்தக் குமிழி உடைய, இப்படியான பல சேவைகள் காணாமற்போயின. எக்ஸ்டிரைவை 2005 இல் ஏஓஎல் வாங்கியது, பிறகு 5 கிகாபைற் இலவசம் என்றது, 2009 ஜனவரியில் மூடியது. அதே ஆண்டு மார்ச்சில் பிரீஃப்கேஸும் போனது.

இடையில், 2004 ஏப்ரல் 1 அன்று, ஜிமெயில் வந்தது. ஹொட்மெயில் 2 மெகாபைற்றும் யாகூ 4 மெகாபைற்றும் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கூகிள் 1 கிகாபைற் என்றது. திகதியைப் பார்த்துவிட்டு முட்டாள்கள் தினப் பகிடி என்றே பலர் நினைத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருவதுதான். அந்த ஆண்டிலேயே சில நிரலாளர்கள் ஜிமெயிலை ஒரு ஹார்ட் டிஸ்க் போலப் பாவிக்கும் மென்பொருட்களை எழுதினார்கள். 'ஜிமெயில் டிரைவ்' என்பதை நிறுவினால் விண்டோஸில் புதிதாக ஒரு டிரைவ் தெரியும். அதற்குள் போடுகிற ஒவ்வொரு கோப்பும் நீங்கள் உங்களுக்கே அனுப்புகிற மின்னஞ்சலாகப் போய் இருக்கும். கூகிள் அதைக் கேட்கவுமில்லை, பெரிதாக விரும்பவுமில்லை. மென்பொருள் தெரியாத நாங்கள் நெற் கபேயில் இருந்து அசைன்மென்டை எங்களுக்கே மெயில் பண்ணிக்கொண்டதும் இதே வேலைதான்.

ட்ரொப்பொக்ஸ் பொதுமக்களுக்குத் திறந்தது 2008 செப்டெம்பரில். பஸ்ஸில் பென்டிரைவை மறந்துவிட்டு ஏறிய எரிச்சலில் யோசனை வந்தது என்பது அதன் நிறுவனர்களில் ஒருவரான ட்ரூ ஹூஸ்ரன் சொல்லும் கதை. இலவச அளவு 2 கிகாபைற். அவர்களுக்குச் சொந்த வட்டுகள் அப்போது இருக்கவில்லை. அமேசனின் எஸ்3 இல் வாடகைக்கு வைத்தார்கள். 2006 இல் எஸ்3 தொடங்கியபோது ஒரு கிகாபைற்றுக்கு மாதம் 15 சதம், அமெரிக்கச் சதம். அந்த விலையில் ஒருவர் தன் 2 கிகாபைற்றையும் நிரப்பினால் மாதம் 30 சதம் செலவு. பெரும்பாலானோர் நிரப்பமாட்டார்கள், சிலர் காசு கட்டுவார்கள், வட்டின் விலையும் வருடா வருடம் இறங்கும். இலவசம் இந்த மூன்று நம்பிக்கையில்தான் நின்றது.

ஒன்றைக் கவனிக்கவேணும். ட்ரொப்பொக்ஸ் செய்தது ஒத்திசைவு. ஒரு கணனியில் அழித்தால் மற்றதிலும் அழியும், இலவசக் கணக்கில் 30 நாளுக்குள் மீட்டால்தான் உண்டு. பெரியம்மாவின் படங்கள் அப்படியில்லை. எங்கட அல்பம் போனதால் அவவின் பிரதி போகவில்லை.

பிறகு தாராளம் கூடியது. 2015 மேயில் கூகிள் ஃபோட்டோஸ் 16 மெகாபிக்சல் வரையான படங்களுக்கு எல்லையே இல்லை என்றது. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசொஃப்ட் எதிர்ப்பக்கம் திரும்பியது. வன்டிரைவின் இலவச 15 கிகாபைற்றை 5 ஆக்குவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழும்ப, 2016 ஜனவரி முடிவதற்குள் வந்து கேட்கிறவர்கள் 15 ஐ வைத்திருக்கலாம் என்றார்கள். கேட்காதவர்களுக்கு இல்லை. கூகிளின் எல்லையின்மையும் 2021 யூன் 1 உடன் முடிந்தது.

'வந்து கேட்கிறவர்கள்' என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. எத்தனை கிகாபைற் எண்டு கேக்கிறம், மூடும்போது எத்தனை மாதம் முதல் சொல்லுவீங்கள் எண்டு கேக்கிறதில்ல. அறிவித்தல் மின்னஞ்சலில் வரும். நம்பர் மாறி, கடவுச்சொல் மறந்து, நாடு மாறி, அல்லது செத்துப்போன ஆக்கள் அதைத் திறக்கமாட்டார்கள். 2023 மேயில் கூகிள், இரண்டு வருடம் பாவிக்காத கணக்குகளை அந்த டிசெம்பரில் இருந்து அழிக்கலாம் என்றது. எங்கட ஊரில் ஒரு மரணத்துக்குப் பிறகு அவருடைய ஃபோனைத் தொட மனம் வர இரண்டு வருடம் சும்மா போகும்.

அறிவித்தலே இல்லாமலும் போகும். 2012 ஜனவரி 19 அன்று பதிப்புரிமை வழக்கில் அமெரிக்க அரசு மெகாஅப்லோடை முடக்கியபோது, களவு எடுத்த படங்களோடு சொந்தக் கோப்புகளும் உள்ளே மாட்டின. ஒஹையோவில் பள்ளி விளையாட்டுக்களைப் படம்பிடித்து வந்த ஒருவர் தன் வீடியோக்களைக் கேட்டு நீதிமன்றம் போனார். அவருடைய ஹார்ட் டிஸ்க் சில நாட்களுக்கு முன்தான் பழுதாகியிருந்தது. இத்தனைக்கும் அவர் காசு கட்டிய பயனர்.

அம்மாவின் கணக்கில் 15 கிகாபைற் நிறைந்துவிட்டது என்று போன மாதம் எச்சரிக்கை வந்தது. முழுவதையும் 'டேக்அவுட்' வழியாக இறக்கினேன். டேட்டாவுக்குப் போன ரீலோட் காசை ஒருவரும் இலவசக் கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்கு அசையாமல் கிடந்தால் எனக்கு அறிவிக்கும்படியும் அதே அமைப்புக்குள் போட்டுவிட்டேன். இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தாயிற்று. ஒன்று இங்கே அலுமாரியில். மற்றதைக் கொண்டுபோக, ஆவணியில் ரொறன்ரோ போகிற ஆரும் இருக்கினமோ எண்டு அம்மா விசாரிச்சுக்கொண்டிருக்கிறா.