சிட்னி ஓப்பரா மாளிகை: படிக்கட்டுகளும் சக்கர நாற்காலியும்

ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில் பென்னலாங் முனையில் அமைந்துள்ள சிட்னி ஓப்பரா மாளிகை 1973 அக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டது. 2007இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பாய்மரம் போன்ற இதன் வெண்கூரைகளை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். ஆனால் நேரில் நிகழ்ச்சி காணச் செல்பவர் முதலில் எதிர்கொள்வது அகன்ற படிக்கட்டுகளைத்தான். படியேற முடியாதவர்களுக்கு இம்மாளிகையின் முதன்மை அரங்குகள் முழுமையாகத் திறக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

மேடை என்ற கருத்து

டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957இல், சர்வதேசப் போட்டிக்கு வந்த 233 வடிவமைப்புகளுக்கிடையே வென்றார். 1949இல் மெக்சிகோ சென்றிருந்தபோது மாயர்களின் கல்மேடைகள் அவரைக் கவர்ந்தன. அடர்ந்த காட்டுக்குள்ளிருந்து படியேறி மேடையை அடைந்ததும் வானமும் தொடுவானமும் விரியும் அனுபவம் அவர் மனதில் தங்கியது. அதையே சிட்னியில் கட்ட முனைந்தார். வாகனங்கள் மேடைக்குக் கீழே, மனிதர்கள் மேலே. நகரச் சந்தடியைக் கீழே விட்டுவிட்டுப் படியேறுவதே கலைக்குள் நுழைவதன் தொடக்கம்.

ஆகவே இந்தப் படிகள் வெறும் வழியோ அலங்காரமோ அல்ல. கட்டடத்தின் கருத்தே அவைதாம். சிக்கலும் அங்கேதான் பிறந்தது. அரசுடன் ஏற்பட்ட பிணக்கால் 1966இல் உட்சன் விலகினார். பீட்டர் ஹால் உள்ளிட்ட குழு உள்ளரங்குகளை வடிவமைத்துப் பணியை முடித்தது. படிகள் நிலைத்தன. சக்கர நாற்காலியில் வந்தவர்கள், பொதுமக்களுக்கு உரியதல்லாத உட்புற வழிகளில் ஊழியர் துணையோடு இருக்கைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். சீட்டின் விலை ஒன்றாக இருக்கலாம். வாசல் ஒன்றாக இல்லை. இடைவேளையில் மற்றவர்கள் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் வடக்கு முகப்புக்கூடங்களும் அவர்களுக்கு எட்டாதவையாகவே இருந்தன.

சட்டமும் சமரசமும்

1992இல் ஆஸ்திரேலியா மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. பொது இடங்களுக்குள் செல்வது உரிமையாயிற்று. நியாயப்படுத்த முடியாத அளவு சிரமம் ஏற்படுமெனில் விலக்கு உண்டு. ஆனால் பாரம்பரியச் சின்னம் என்பதே தானாக விலக்கு தந்துவிடாது.

இதற்கிடையே 1999இல் உட்சனுடன் உறவு புதுப்பிக்கப்பட்டது. எதிர்கால மாற்றங்களுக்கு வழிகாட்டும் அவருடைய வடிவமைப்புக் கொள்கைகள் 2002இல் வெளியாயின. அதன்பின் மேற்கு முகப்புக்கூடப் பகுதிக்கான நகரும் படிக்கட்டுகளையும் பொதுமக்களுக்கான மின்தூக்கியையும் அவரே தன் மகன் யானுடன் சேர்ந்து வடிவமைத்தார். அவை 2009இல் பயன்பாட்டுக்கு வந்தன. உட்சன் அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரிலேயே காலமாகியிருந்தார். முடிவடைந்த மாளிகையை அவர் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை.

2017இல் வெளியான பராமரிப்புத் திட்ட ஆவணத்தின் நான்காம் பதிப்பு, கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பும் எந்த அளவு மாற்றத்தைத் தாங்கும் என்று தனித்தனியே மதிப்பிட்டது. "எதையும் தொடாதே" என்ற பழைய அணுகுமுறையைவிட இது பயனுள்ளது என்றே சொல்ல வேண்டும். எங்கே தொடக்கூடாது என்று சொல்லும் ஆவணமே எங்கே தொடலாம் என்றும் சொல்லிவிடுகிறது. ஜோன் சதர்லண்ட் அரங்கிலிருந்து வடக்கு முகப்புக்கூடத்துக்கு மின்தூக்கியும் நடைவழியும் அமைந்தன. 2020 பிப்ரவரியில் மூடப்பட்ட பெரிய இசையரங்கு, சுமார் 15 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவிலான புதுப்பிப்புக்குப் பின் 2022 ஜூலையில் திறந்தபோது, அங்கும் புதிய மின்தூக்கியும் நடைவழியும் இருந்தன. எல்லாத் தளங்களுக்கும் வடக்கு முகப்புக்கூடத்துக்கும் பிறர் துணையின்றிச் செல்ல முடிந்தது அப்போதுதான்.

காதுக்கருவிக்கு நேரடியாக ஒலி அனுப்பும் அமைப்பு, ஆஸ்லான் சைகைமொழி பெயர்ப்பு, பார்வையற்றோருக்கான ஒலிவழி விவரிப்பு ஆகியவற்றுக்குக் கான்கிரீட்டை உடைக்க வேண்டியதில்லை. அவற்றுக்குப் பாரம்பரியத்தைக் காரணம் காட்டித் தயங்க இடமுமில்லை.

வெளியே உள்ள பெரும்படிகளில் சாய்தளம் எதுவும் சேர்க்கப்படவில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் இன்று எல்லோரும் சேரும் இடத்துக்கே சேர்கிறார். ஆனால் கட்டடத்தின் உட்புறமாக, மின்தூக்கியில். படியேற ஏற வானம் விரியும் என்று உட்சன் எண்ணிய அந்த வருகை மட்டும் அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை.