"நீ யாருப்பா, எந்த ஊரு?"

மலருக்குக் கட்டுரை கேட்டபோது தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதலாமென்றுதான் நினைத்தேன். கடைசியில் ஒரு பழைய கடனைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் கல்லூரி விழாவுக்காக நானும் என் அறைத்தோழனும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தோம். ஆடுகிறவர் வீரனாக வேடமேற்று நாடு சுற்றும் வகை. வாள், கேடயம், உயிர்க்கணக்கு எல்லாம் நான், வசனம் அவன். பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பிள்ளை, ஒரு நோட்டு நிறைய எழுதி வந்தான். "இதை எவன்டா படிப்பான்?" என்று முக்கால்வாசியை வெட்டினேன். விழாவன்று பையன்கள் மூன்று அரக்கர்களைக் கொன்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். "பாவு மட்டும் ஓட்டி வச்சிருக்கே, ஊடை எங்கடா?" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இவ்வகை ஆட்டங்களின் சரித்திரத்தைப் பிற்பாடு படித்தபோது, என் தப்பைப் பலரும் செய்திருப்பது தெரிந்தது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' காகிதமும் பகடையும் கொண்டது. ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் பாத்திரமாகவே பேசுவார்கள். கம்ப்யூட்டருக்குப் பகடைக் கணக்கு சுலபமாக வந்தது, பேச்சு வரவில்லை. 1980-ல் வந்த 'ரோக்'கில் எதிரிகள் வெறும் ஆங்கில எழுத்துகள்!

1985-ல் ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4' வந்தது. ஆரம்பத்திலேயே குறி சொல்லும் ஒருத்தி தர்மசங்கடமான கேள்விகளாகக் கேட்பாள். பதிலை வைத்துத்தான் நீங்கள் போர்வீரனா, மேய்ப்பனா என்று முடிவாகும். பிறகு ஊரில் யாரைப் பார்த்தாலும் பெயர் என்ன, தொழில் என்ன என்று தட்டெழுதிக் கேட்கலாம்.

இதைப் படித்ததும் எனக்குக் கூத்து ஞாபகம் வந்தது. விழா முடிந்த கோடையில், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமமொன்றில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு அவன்தான் அழைத்துப் போனான். திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறார். கட்டியக்காரன் விடுவானா? யார், எந்த நாடு, எதுக்கு வந்தீங்க என்று துளைக்கிறான். ராஜா பெருமை பேசப் பேச இவன் குத்திக் காட்டுகிறான், சனம் சிரிக்கிறது. அந்தப் பேச்சு முடிகிறவரை அவர் கட்டைக் கிரீடம் வைத்த ஒரு மனுஷன். அப்புறம்தான் துரியோதனன். கடைசி நாள் காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையைப் பீமன் பிளக்கும்போது, ராத்திரியெல்லாம் கேட்ட வசனம்தான் நெஞ்சை அடைத்தது.

1999-ல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' நாயகன் தன் பெயரே தெரியாமல் பிணவறையில் கண் விழிக்கிறான். பெரும்பாலான சண்டைகளைப் பேசியே தவிர்த்துவிடலாம். 2019-ல் வந்த 'டிஸ்கோ எலிசிய'த்தில் தனியாகச் சண்டை முறையே கிடையாது. வசனமோ பத்து லட்சம் வார்த்தைக்கு மேல். (அதில் சில இடங்களில் எனக்கே கொட்டாவி வந்தது. கட்டியக்காரன் இருந்தால் நடுவில் வெட்டியிருப்பான்.)

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த சந்திப்புக்குக் கொண்டுவருகிறேன், அவனும் வருவதாகக் கேள்வி. முதல் பக்கத்தில் கோட்டை வாசல் காவல்காரன் வீரனைத் தடுத்து, "நீ யாருப்பா, எந்த ஊரு?" என்று கேட்கிறான். நான் முதலில் வெட்டியது அந்த வரியைத்தான்.