பாட்டில் மீனும் தொட்டி மீனும்

போன மாதம் சின்னவள் ஒரு தங்கமீன் வேண்டும் என்று ஆரம்பித்தாள். இங்கே நியூஜெர்சியில் அது ஒன்றும் பெரிய செலவில்லை. கடையில் உருண்டைக் கண்ணாடிக் குடுவை, அடியில் போடக் கலர் கல், ஒரு மீன் எல்லாம் சேர்த்து பீட்சா விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "ரெண்டு வாரம் இருக்கும், அப்புறம் செத்துப் போகும், நீ அழுவே" என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். அப்படிச் சொன்ன பிறகுதான் புத்தலப்பட்டு ஞாபகம் வந்தது. நான் சொன்னது பொய் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கும் ஊர் எங்களுடையது. 1989 என்று நினைவு. மாமா சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு இரண்டு தங்கமீன் கொண்டு வந்தார். இரட்டை வால், குண்டு வயிறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "பங்காரு சேப்ப" பார்க்க வரிசை கட்டினார்கள். ஒன்றை நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தேன். ஒரு பாட்டிலுக்கு ஒன்றுதான் என்று பாட்டி சொல்லிவிட்டதால், இன்னொன்று கிணற்றடியில் மாடு தண்ணீர் குடிக்கும் சிமெண்டுத் தொட்டிக்குப் போனது. பாட்டில் மீன் ஆறாம் நாள் செத்தது. தொட்டி மீன் நான் பி.காம். முடிக்கும் வரை இருந்தது. பாட்டி கை வைத்து ஆசீர்வதித்ததால் பிழைத்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சரியான காரணம் தெரிய கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

தங்கமீன் காட்டில் இருந்து வந்ததில்லை. சீனாவில் உணவுக்குப் பிடித்த சாம்பல் நிறக் கெண்டை இனத்தில் அபூர்வமாகச் சிவந்த செதிலோடு பிறந்தவற்றைக் கொல்லாமல் கோயில் குளங்களில் விட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் தென் சோங் பேரரசர் காவ்சோங் ஹாங்சோவில் இவற்றுக்கென்றே குளம் வைத்திருந்தார். மிங் வம்சத்தின்போதுதான் மீன் குளத்தை விட்டு வீட்டுக்குள் வந்தது, அகலமான பீங்கான் தொட்டிகளிலும் மண் தொட்டிகளிலும். 1596-ல் ஜாங் சியாந்தே என்பவர் சிவப்பு மீன் வளர்ப்பைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

குளத்தில் இரட்டை வாலோடு பிறந்த குஞ்சு வேகமாக நீந்த முடியாமல் கொக்குக்கு இரையாகிவிடும். தொட்டியில் கொக்கு இல்லை. ஆகவே அது பிழைத்து, குட்டி போட்டு (முட்டைதான், பேச்சுக்குச் சொல்கிறேன்) ஒரு வம்சமே ஆயிற்று. இரட்டை வாலுக்குக் காரணம் கார்டின் என்ற மரபணுவில் வந்த ஒரு மாற்றம் என்று ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் கண்டுபிடித்தார்கள். இந்த அலங்கார மீன்கள் எல்லாமே மேலிருந்து பார்த்து ரசிக்க, அகலத் தொட்டியில் வளர்க்கப்பட்டவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கப்பலேறியது. ஜப்பானுக்கு 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனதாகச் சொல்கிறார்கள். ர்யூக்யூ தீவுகள் வழியாக வந்தது 'ர்யூகின்'. தலையில் தொப்பி போல் சதை வளரும் மீனுக்கு 'ஒராண்டா' என்று பெயர், அதாவது ஹாலந்து. அந்த மீன் ஹாலந்தை எட்டிப் பார்த்ததே இல்லை. அன்றைய ஜப்பானில் வெளியிலிருந்து வந்த அபூர்வமெல்லாம் டச்சுக்காரன் சரக்கு. மெக்சிகோவில் பிறந்த காயை நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று கூப்பிடவில்லையா, அந்தக் கதைதான். நாரா பக்கம் யமாடோகோரியாமா என்று ஓர் ஊர். 1724-ல் யானாகிசாவா பிரபு குடும்பத்துக்கு அந்த ஊருக்கு மாற்றலாகி உத்தரவு வந்தபோது சாமான்களோடு தங்கமீனும் வந்ததாம். டிரான்ஸ்ஃபர் ஆர்டரின் அருமை வங்கிக்காரனுக்குத் தெரியும்! பின்னாளில் மான்யம் நின்றுபோன சாமுராய்கள் அங்கே மீன் வளர்த்துப் பிழைத்தார்கள்.

ஐரோப்பாவுக்கு 17-ஆம் நூற்றாண்டில் போனது. அங்கே மீன் போய்ச் சேர்ந்தது, தொட்டி போய்ச் சேரவில்லை. கண்ணாடி மலிவானதும், மேலிருந்து பார்க்க வேண்டிய மீனைப் பக்கவாட்டில் பார்க்க உருண்டைக் குடுவையில் அடைத்தார்கள். மேலே வாய் குறுகலானதால் காற்றுப் படும் பரப்பும் குறைவு. திருவிழாக் கடைகளில் பரிசாக வேறு கொடுத்தார்கள். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேல். 1878-ல் ஜப்பானிலிருந்து வந்த மீன்களைப் பெருக்கி, அரசாங்க மீன்வளக் கமிஷனே வாஷிங்டன் வாசிகளுக்கு 1894 வரை இலவசமாக விநியோகித்தது.

இதற்கு நடுவே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் 12 காலன் தண்ணீரில் இரண்டு தங்கமீன், வேலம்பாசி இனச் செடி, சில நத்தைகள் போட்டு, ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாகிறதா என்று பார்த்தார். 1850-ல் எழுதி வெளியிட்டார். வரவும் செலவும் நேரானால் தொட்டி நிலைக்கும் என்பதுதான் சாரம். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் சென்னை மெரினாவிலும் ஒன்று வந்தது. அதில் இருந்தவை நம் கடல் மீன்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு பயத்தில் மூடிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மீன் பார்க்கும் ஆசை மட்டும் மூடவில்லை. இன்று கொளத்தூர் தெருக்களில் அந்த ஆசைதான் பிளாஸ்டிக் பைகளில் வரிசையாகத் தொங்குகிறது.

இப்போது என் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வருவோம். தங்கமீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது, அதுவும் நிறைய. வயிறு நிறைந்தது என்று சொல்லத் தெரியாமல் தின்றுகொண்டே இருக்கும். அரை லிட்டர் தண்ணீரில் அந்தக் கழிவு போக இடமில்லை. நானோ பாசத்தில் பொரியாகப் போட்டேன். பாட்டியின் தொட்டியிலோ சுவரெல்லாம் பாசி, அதில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா. மாடு தினமும் பாதித் தண்ணீரைக் குடிக்க, பாட்டி குளோரின் இல்லாத கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பினாள். கொசுப்புழுதான் சாப்பாடு. மிங் காலத்துச் சீனாக்காரன் செய்ததையே, பெயர் தெரியாமல், ஒரு பசுமாட்டின் ஒத்துழைப்போடு செய்திருக்கிறாள்.

குடுவைக்கு எதிராகச் சட்டம்கூட வந்தது. இத்தாலியில் மோன்சா நகரம் 2004-ல் உருண்டைக் குடுவையைத் தடை செய்தது, ரோம் 2005-ல். இந்தியாவில் 2017-ல் மத்திய அரசு கொண்டு வந்த மீன் தொட்டி விதிகளிலும் அது இருந்தது. ஆனால் விதிகள் மொத்தமும் கடைக்காரர்கள் தலையில் விழுந்ததால் எதிர்ப்பு கிளம்பி, பிறகு வாபஸ். ஒரு நல்ல வரியை நூறு கெடுபிடியோடு சேர்த்தால் இப்படித்தான். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 1956-ல் திருவிழாப் பரிசாக வந்து 1999-ல்தான் செத்தது, வயது 43. இரண்டு வாரம் என்பது மீனின் ஆயுள் இல்லை, பாட்டிலின் ஆயுள்.

அலுத்துப்போய் ஏரியில் விடுவது இன்னொரு பாவம். மினசோட்டாவில் பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம் 2021-ல் கெல்லர் ஏரியில் பெரிய பெரிய தங்கமீன்களைப் பிடித்து, தயவுசெய்து இங்கே விடாதீர்கள் என்று கெஞ்சியது.

ஆக, வீட்டில் 29 காலன் தொட்டி வாங்கியாயிற்று, 110 லிட்டர். இங்கே குழாய்த் தண்ணீரில் பல ஊர்களில் குளோரமின் கலக்கிறார்கள். ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் போய்விடும் என்ற நம்மூர் வழக்கம் அதற்குச் செல்லாது, தனியாக மருந்து ஊற்ற வேண்டும். பில்டர் ஓடுகிறது, சொட்டுச் சொட்டாக அம்மோனியா ஊற்றி பாக்டீரியாவைப் பழக்குகிறோம். மூன்றாவது வாரம் நடக்கிறது, நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சின்னவள் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நிறத்தை நோட்டில் குறித்து வைக்கிறாள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "வெறும் தண்ணிக்கு எதுக்குடா கரண்ட் பில்லு" என்றாள்.